அத்தான் சிட்டுக்குருவி பிடிக்கிற கூண்டு கேட்கிறார், செய்து கொடுக்கலாமா?

கொக்குவில் பட்டறை:

வணக்கம். பறவைகளைப் பற்றித் தெரிந்த ஆட்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். நான் கொக்குவிலில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேற், கிறில், கோழிக்கூடு, இவைதான் என் வேலை. அக்காவும் அத்தானும் ஒன்ராறியோவில் ஏரிக்கரைப் பக்கம் இருக்கிறார்கள். அத்தானுக்கு பென்ஷன் எடுத்த பிறகு பறவைப் பைத்தியம். வளவின் நடுவில் உயரமான கம்பம் நட்டு, பேர்ப்பிள் மாட்டின் என்ற குருவிக்குப் பல அறைகளோடு ஒரு வீடு ஏற்றி வைத்திருக்கிறார். எந்த நேரம் போன் எடுத்தாலும் அந்தக் கதைதான்.

நல்ல விஷயம் என்று நானும் விட்டுவிட்டேன். போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கையால் கீறின பிளான், அரை இஞ்சி வலையில் ஒரு கூண்டு. "தம்பி, இது சிட்டுக்குருவி பிடிக்கிற கூண்டு, இங்கே சரியான விலை. நல்லூர்த் திருவிழாவுக்கு வருவோம்தானே, மடிக்கிற மாதிரிச் செய்து வை, அடுத்த வருஷத்துக்குத் தேவை" என்கிறார். பிடித்து எங்கே விடுவீர்கள் என்று கேட்டேன். விடுவதில்லை என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இங்கே எங்கள் அம்மா சமையலறைத் தாவாரத்தில் அந்தக் குருவிக்கென்றே முட்டி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். காலையில் முற்றத்தில் குறுணல் போட்ட பிறகுதான் அவருக்குத் தேத்தண்ணி. நான் கிரைண்டரைப் போட்டால் பறந்து போகும், நிறுத்தினால் திரும்பி வந்து கொடிக் கம்பியில் இருந்து கத்தும். மேசையில் பிளானைக் கண்டு இது என்ன கூடு என்று கேட்டார். கோழிக்குஞ்சுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சிட்டுக்குருவி அங்கே அப்படி என்ன அநியாயம் செய்கிறது? கொல்வதற்குச் சட்டம் விடுமா? இன்னொன்று, பிளானில் நடுவில் ஒரு பெட்டி மேலும் கீழும் போவதாகக் கீறியிருக்கிறார். அது எப்படி வேலை செய்யும் என்று எனக்கு விளங்கவில்லை.

பனங்கொட்டை:

செய்து கொடுக்காதீர்கள். 1958இல் சீனாவில் மாவோ குருவிகளைப் பயிருக்குப் பகை என்று சொல்லி, ஊர் ஊராகத் தகரம் தட்டிக் கலைத்துக் கொன்றார்கள். பிறகு பூச்சி பெருகி வயல் போனது. 1960இல், ஒழிக்கவேண்டியவை என்று போட்ட பட்டியலில் குருவியை வெட்டிவிட்டு மூட்டைப்பூச்சியைப் போட்டார்கள். உங்கள் அத்தானுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கோ.

சிம்கோ அக்கா:

தம்பி, நான் சாவகச்சேரி ஆள், இப்ப ஒன்ராறியோவில் சிம்கோ ஏரிப் பக்கம். எங்கள் வளவிலும் மாட்டின் வீடு இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்து வாசியுங்கள்.

முதலில் பனங்கொட்டைக்கு. சீனாவில் கொன்றது அந்த மண்ணிலேயே இருந்த மரச் சிட்டுக்குருவியை. இங்கே சிட்டுக்குருவி வந்தேறி. 1851இல் இங்கிலாந்தில் இருந்து சில சோடிகளைக் கொண்டுவந்து நியூயோர்க்கின் புரூக்ளினில் விட்டார்கள். பிறகும் பல ஊர்களில் ஆசைக்கு விட்டார்கள். அது கண்டம் முழுக்கப் பரவிவிட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மாட்டின் என்பது தகைவிலான் இனம். புரட்டாதி, ஐப்பசிக்குப் பிறகு நம்மூர் மின்கம்பிகளில் வரிசையாக வந்து இருக்குமே, அந்தக் குடும்பத்தில் வட அமெரிக்காவிலேயே பெரியது. ஆண் குருவி வெயிலில் கருநீலமாக மினுங்கும். குளிர்காலத்தைப் பிரேசில் பக்கம் கழித்துவிட்டு, சித்திரை, வைகாசியில் எங்களிடம் வரும். பறந்தபடியே பூச்சி பிடித்துத் தின்கிற குருவி, தானியம் தொடாது. ஐரோப்பியர் வர முன்பே இங்கிருந்த பூர்வகுடிகள் காய்ந்த சுரைக்குடுவைகளைக் கம்பத்தில் கட்டி இதற்கு இடம் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் இறுகிப்போய், இப்ப ரொக்கி மலைக்குக் கிழக்கே இருக்கிற மாட்டின்கள் ஏறக்குறைய எல்லாமே மனிதர் வைக்கிற வீட்டில்தான் குஞ்சு பொரிக்கின்றன. மரப்பொந்துக்குத் திரும்பிப் போவதில்லை.

சிட்டுக்குருவி எங்கேயும் போகாது, பனியிலும் இங்கேயே இருக்கும். மாட்டின் பிரேசிலில் இருந்து வந்து சேரும்போது வீட்டில் பாதி அறைகள் ஏற்கெனவே போயிருக்கும். இடம் பிடிப்பதோடு நின்றால் பரவாயில்லை. ஒரு நாள் காலை கம்பத்தை இறக்கி அறைக் கதவைத் திறந்தேன். மாட்டின் கூட்டுக்குள் பச்சை இலை பரப்பும், அதன் மேல் வெள்ளை வெளேரென்று முட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை. மஞ்சள் கரு வழிந்து இலையோடு காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்து அறை நிறையப் புல், கோழியிறகு, பிளாஸ்டிக் கிழிசல், அதற்குள் புள்ளி போட்ட சிட்டுக்குருவி முட்டைகள். குஞ்சையும் கொத்திக் கொல்லும். நீலக்குருவிப் பெட்டிகளில் தாய்க்குருவியையே உள்ளே மடக்கிக் கொன்றுவிட்டு, அதன் மேலேயே கூடு கட்டும். மாட்டின் வருஷத்துக்கு ஒரு முறைதான் குஞ்சு வளர்க்கும். சிட்டுக்குருவி இரண்டு, மூன்று முறை.

சட்டம்: கனடாவின் புலம்பெயர் பறவைச் சட்டம் மாட்டினைக் காக்கிறது, சிட்டுக்குருவியைக் காப்பதில்லை. ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்திலும் சிட்டுக்குருவிக்கும், ஸ்டார்லிங் என்ற மைனா இனப் பறவைக்கும் பாதுகாப்பு இல்லை. ஆனால் இந்த மண்ணுக்கே உரிய குருவிகள் வேறு இருக்கின்றன, பாட்டுக்குருவி, வெண்கழுத்துக் குருவி என்று. அவற்றைத் தொட்டால் குற்றம். பழக்கமில்லாத கண்ணுக்கு, பெண் சிட்டுக்குருவியும் அவையும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் உயிரோடு பிடிக்கிற கூண்டு. கையில் எடுத்துப் பார்த்து, வேறு குருவி என்றால் அந்த இடத்திலேயே விடவேண்டும். நஞ்சு, பசை எல்லாம் கூடவே கூடாது.

தூரக் கொண்டுபோய் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். திரும்பி வரும், இல்லாவிட்டால் இன்னொருவரின் பெட்டிக்குள் புகும்.

கூண்டு பற்றி அத்தானுக்கு ஒன்று சொல்லுங்கள். நிலத்தில் வைக்கிற கூண்டில் விழுவது பெரும்பாலும் இளங்குருவிகளும் பெட்டைகளும்தான். அறையைப் பிடித்து வைத்திருக்கிற கழுத்துக் கறுப்பு ஆண் லேசில் வராது. அதற்குப் பெட்டைக் குருவியைவிட அந்த ஓட்டையில்தான் பிடிப்பு. கூட்டை மட்டும் பிய்த்து எறிந்தால் ஆத்திரத்தில் பக்கத்து அறைகளில் புகுந்து முட்டையெல்லாம் கொத்தும். எனவே முதலில் அந்த ஆண். அதற்கென்று அறைக்குள்ளேயே வைக்கிற சின்னப் பொறி இருக்கிறது. உள்ளே கால் வைத்ததும் ஓட்டை மூடிவிடும். அதை வைத்துவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது, மாட்டினும் அதில் மாட்டும், வெயிலில் அறை கொதிக்கும்.

நான் கூண்டைக் கடைசியில்தான் எடுப்பேன். மாட்டின் வரும்வரை அறைகளை அடைத்து வைப்பேன். வளவில் தினை, நொறுக்கின சோளம் போடமாட்டேன். பிந்திக் கண்டால், சிட்டுக்குருவி முட்டைகளில் சமையல் எண்ணெய் பூசிக் கூட்டிலேயே விட்டுவிடுவேன். அது பொரிக்காத முட்டையில் அடைகாத்துக்கொண்டு கிடக்கும், பக்கத்து அறைக்குச் சண்டைக்குப் போகாது. அப்படியும் முடியாத வருஷங்கள் உண்டு. பிடிபட்டதை நொடியில் முடித்து, உறைய வைத்து, காயப்பட்ட பருந்து, ஆந்தை பராமரிக்கிற நிலையத்துக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அப்படித்தான்.

எனக்கும் சந்தோஷமான வேலை இல்லை. ஆனால் பத்து, பன்னிரண்டு அறைகள் கட்டி உயரத்தில் ஏற்றிவிட்டுச் சும்மா இருந்தால், நாங்கள் நடத்துவது சிட்டுக்குருவிப் பண்ணை. மனம் வராதவர்கள் கம்பத்தை இறக்கிவிட வேண்டியதுதான், அதில் வெட்கம் இல்லை. வீட்டை ஏற்றி வைத்துவிட்டு "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்று சொல்கிறவர்களோடுதான் எனக்குச் சரிவராது.

தொண்டைமானாற்றான்:

அக்கா சொன்னதில் எனக்கு அதிகம் மறுப்பில்லை. ஒன்றைச் சேர்க்கிறேன், அங்கேயும் 1960களுக்குப் பிறகு சிட்டுக்குருவி குறைந்துகொண்டுதான் வருகிறது. பெட்டி வைத்திருக்கிறவர் தன் கம்பத்தைக் காப்பது வேறு, ஊரில் உள்ளதையெல்லாம் தேடிப் பிடிப்பது வேறு. அத்தான் எந்த ரகம் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இங்கே கதை தலைகீழ். நம்மூரில் அது வந்தேறி இல்லை. ஓட்டு வீட்டை இடித்து கொங்கிறீட் போட்டதும் அதற்கு இடுக்கு இல்லாமல் போகிறது. தானியம் தின்கிற குருவி என்றாலும் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும், தோட்டத்துக்கு மருந்தடித்தால் அதுவும் இல்லை. அம்மாவின் முட்டி நல்ல வேலை. வாய் அகலமென்றால் மைனா புகும், மூன்றேகால் சென்ரிமீற்றர் ஓட்டை விட்டு மிச்சத்தைப் பலகையால் அடைத்துவிடுங்கள்.

அப்புறம், அந்தக் கூண்டைப் பட்டறை வாசலில் வைக்காதீர்கள். கிளி பிடிக்க ஒன்று செய்து தா என்று அடுத்த நாளே ஒருவன் வந்து நிற்பான்.

கொக்குவில் பட்டறை:

எல்லாருக்கும் நன்றி. அத்தானோடு கதைத்தேன். போன வருஷம் ஆறு அறைகளில் முட்டை போனதாம், அக்கா அழுதாராம். அதை முதலே சொல்லியிருக்கலாம். அறைகளை அடைத்து வைப்பாரா என்று கேட்டேன், வருஷம் முழுக்கத் திறந்தே கிடக்கிறதாம்! சிம்கோ அக்கா எழுதினதை அப்படியே அனுப்பிவிட்டேன். அடைத்துப் பார்த்து, எண்ணெய் பூசிப் பார்த்து, அதற்கும் பிறகுதான் கூண்டு என்று ஒத்துக்கொண்டார். செய்யப் போகிறேன். அம்மாவுக்கு என்ன சொல்வது என்பது என் பாடு.

அந்த ஏறி இறங்கிற பெட்டியை மட்டும் விளங்கப்படுத்துங்கள் அக்கா. வலையை வெல்டிங்கில் பிடிக்க ஏலாது, மெல்லிய கம்பி, உருகி ஓடிவிடும். சட்டத்தை 6 மில்லிமீற்றர் கம்பியில் செய்து, வலையைக் கட்டுக்கம்பியால் கட்டலாம் என்று நினைக்கிறேன்.

சிம்கோ அக்கா:

அது போதும். வெட்டின வலை முனைகள் எல்லாவற்றையும் வெளிப்பக்கம் மடியுங்கள், உள்ளே நீட்டினால் பாட்டுக்குருவியின் கண்ணைக் கிழிக்கும்.

பெட்டியின் உள் மூலையில் பாண் துண்டு இருக்கும். குருவி அதை எடுக்கப் போனதும் அதன் கனத்துக்குப் பெட்டி கீழே இறங்கும், வந்த வழி மூடும், கீழே பெரிய கூண்டின் பக்கம் திறக்கும். குருவி வெளிச்சத்தைப் பார்த்து அங்கே தாவும். மறுமுனையில் கட்டின எதிர்க்கனம் வெறும் பெட்டியை மேலே தூக்கிவிடும், அடுத்ததற்குத் தயார். சிட்டுக்குருவி 28 கிராம் அளவில்தான் இருக்கும். எனவே எதிர்க்கனம் வெறும் பெட்டியைவிட அதில் பாதி கூடினால் போதும், நிறையக் கூடினால் பெட்டி அசையாது. வொஷர்களைக் கோர்த்துவிடுங்கள், இங்கே ஒன்றிரண்டு கழற்றிச் சரிபார்க்கலாம். அச்சுக்கு எண்ணெய் வேண்டாம், தூசி பிடித்து இறுகும்.

பெரிய கூண்டின் மேலே கை நுழையிற அளவுக்கு ஒரு கதவு கட்டாயம். தண்ணீர்க் கோப்பைக்கு ஒரு வளையம், நிழலுக்கு ஒரு பக்கம் தகரம். மணிக்கொரு தரம் பார்க்கவேண்டும் என்பதைக் கூண்டிலேயே பெயின்றால் எழுதிவிடுங்கள், அத்தான் கிரிக்கெட் பார்க்கிற ஆள் என்றால்.

இங்கே கொண்டுவரும்போது புதுசாகவே இருக்கட்டும். உங்கள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போட்டு வைத்து, இறகும் எச்சமும் ஒட்டியிருந்தால் விமான நிலையத்தில் பறித்து வைத்துவிடுவார்கள்.