52,000 கி.மீ. ஓடிய 200 சிசி ட்ரெயில் பைக்: எண்ணெய் குடிக்கிறது, மேட்டில் இழுவை இல்லை. ஹாஃப் எஞ்சினா, ஃபுல் எஞ்சினா?

செம்மண்தடம்:

வண்டி 200 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18. ஆறு வருடம், 52,000 கி.மீ.; பாதிக்கு மேல் மண் பாதைதான். எண்ணெய் 10டபிள்யூ-40, 3,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றம். பேப்பர் ஏர் ஃபில்டர், 5,000 கி.மீ.க்கு ஒருமுறை புதிது.

இப்போதைய கோளாறு: காலையில் செல்ஃப் ஏழெட்டு முறை அடித்தால்தான் பிடிக்கிறது, சூடானபின் பிரச்சினை இல்லை. 1,000 கி.மீ.க்கு 400 மிலி எண்ணெய் குறைகிறது. வெளியே எங்கும் ஒழுகல் இல்லை. முன்பு மூன்றாவது கியரில் ஏறிய மேட்டுக்கு இப்போது இரண்டாவது கேட்கிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் பின்னால் நீலப் புகை.

கிராங்கோடு (பிஸ்டன் சுழற்றும் அடித்தண்டு) சேர்த்து ஃபுல் எஞ்சின் இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிளாக் (சிலிண்டர்), பிஸ்டனோடு முடிகிற ஹாஃப் எஞ்சின் வேலையா இது? எதைப் பார்த்து முடிவு செய்வது?

டேப்பெட்சத்தம்:

முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள் நண்பரே. உங்கள் சம்ப் (எஞ்சின் அடியில் எண்ணெய் தேங்கும் இடம்) கொள்ளளவு 1.2 லிட்டர் அளவில் இருக்கும். அதில் 400 மிலி போனால் மூன்றில் ஒரு பங்கு போயாச்சு. செங்குத்தான மேட்டில் எண்ணெய் பின்பக்கம் சாயும்போது பம்ப் காற்றை உறிஞ்சும்; அப்போதுதான் நிஜமாகவே கிராங்க் போகும். முடிவு தெரியும் வரை 300 கி.மீ.க்கு ஒருமுறை வண்டியை நேராக நிறுத்தி அளவு பார்த்து நிரப்புங்கள்.

எதையும் பிரிப்பதற்கு முன் மூன்று சோதனை. வரிசையை மாற்றாதீர்கள்.

ஒன்று, டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி. இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில் மட்டும் பாருங்கள். ஃப்ளைவீல் குறியை வைத்து பிஸ்டனை மேல் உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு ராக்கரும் லேசாக ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடவில்லை என்றால் அது கம்ப்ரஷன் உச்சி (இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலை) இல்லை, இன்னொரு சுற்று சுற்ற வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக இழுபட்டு நகர வேண்டும். லாக் நட்டை இறுக்கியதும் மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போது இடைவெளி மாறிவிடும்.

இரண்டு, கம்ப்ரஷன் கேஜ். எஞ்சின் சூடாக, பேட்டரி முழு சார்ஜில். ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றுங்கள், பிளக்கை வெளியே எடுத்து ஹெட்டில் படும்படி எர்த் செய்து வையுங்கள், இல்லாவிட்டால் இக்னிஷன் காயில் அடி வாங்கும். ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து பிடித்து, முள் ஏறுவது நிற்கும் வரை செல்ஃப் அடியுங்கள். ஆக்சிலரேட்டர் மூடியிருந்தால் நல்ல எஞ்சினும் செத்த எஞ்சினாகத் தெரியும். கேஜ் காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு, பிளக் துளை வழியாக 5 மிலி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி எடுங்கள். எண்ணெய் விட்டதும் எண் நன்றாக ஏறினால் கசிவு ரிங் (பிஸ்டனைச் சுற்றி சிலிண்டர் சுவரை அடைக்கும் வளையம்) பக்கம். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு பக்கம். கேம்ஷாஃப்டில் டிகம்ப்ரஷர் (ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு) உள்ள எஞ்சினில் எண் இயல்பாகவே குறைவாக வரும். மற்ற வண்டியோடு ஒப்பிடாமல் உங்கள் மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

மூன்று, லீக் டவுன், அதாவது சிலிண்டருக்குள் கொடுக்கும் காற்றில் எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. இதுதான் பொய் சொல்லாத சோதனை. கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, டாப் கியர் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொள்ள, பிளக் துளையில் 100 பிஎஸ்ஐ காற்று கொடுக்க வேண்டும். 10 சதவீதத்துக்குள் கசிந்தால் ஆரோக்கியம், 20 வரை ஓட்டலாம், 30 தாண்டினால் வேலை இருக்கிறது. அப்படியே காதை வையுங்கள்: த்ராட்டில் பாடியில் சீறல் கேட்டால் இன்லெட் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்.

புகை எப்போது வருகிறது என்பதும் முக்கியம். காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு கொத்து, நீண்ட இறக்கத்துக்குப் பிறகு முறுக்கும்போது ஒரு கொத்து என்றால் வால்வு ஸ்டெம் சீல் (வால்வுத் தண்டு வழியே எண்ணெய் இறங்காமல் தடுக்கும் ரப்பர்). முறுக்கும் நேரமெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங்.

ஒத்தையடிப்பாதை:

ஒரு சின்ன விஷயம். இழுவைக் குறைவை எஞ்சின் தலையில் கட்டும் முன் கிளட்சைப் பாருங்க. நாலாவது கியர், 40 கி.மீ. வேகம், முழு ஆக்சிலரேட்டர். ஆர்பிஎம் மட்டும் எகிறி வண்டி வேகம் எடுக்கலேன்னா பிளேட் வழுக்குது. பின்சக்கரத்தைத் தூக்கி கையால சுத்திப் பாருங்க. சேறு ஏறி பிரேக் காலிப்பரோட பின் (ஊசி) இறுகிப்போனா பிரேக் பேட் உரசிக்கிட்டே இருக்கும், அதுவும் மேட்டுல நல்லாத் தெரியும்.

எண்ணெய் டப்பாவுல ஜேசோ எம்ஏ2 (பைக் கிளட்சுக்கு ஒத்துவர்ற எண்ணெய்க்கான தரக்குறி) போட்டிருக்கான்னும் பாத்துக்கங்க. கார் எண்ணெய் ஊத்தியிருந்தா கிளட்ச் வழுக்க அதுவே போதும்.

செம்மண்தடம்:

கிளட்ச் வழுக்கவில்லை, சக்கரம் சுதந்திரமாகச் சுற்றுகிறது, எண்ணெய் எம்ஏ2 தான். அளவுகள்:

இன்லெட் டேப்பெட் 0.04 மிமீ (மேனுவலில் 0.10). எக்ஸாஸ்ட் 0.14 (மேனுவலில் 0.15). சரிசெய்துவிட்டேன், காலை ஸ்டார்டிங் ஓரளவு தேறியிருக்கிறது.

டேப்பெட் சரிசெய்தபின் கம்ப்ரஷன்: உலர்வாக 115 பிஎஸ்ஐ, எண்ணெய் விட்டு 150. மேனுவலில் 170.

லீக் டவுன் 34 சதவீதம். எண்ணெய் ஊற்றும் வாயில் பலத்த சீறல், த்ராட்டில் பாடியில் மெல்லிதாக, சைலன்சரில் ஒன்றுமே இல்லை. புகை முறுக்கும் நேரமெல்லாம் வருகிறது.

டேப்பெட்சத்தம்:

ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்துளை) தேய்ந்திருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த 0.04.

எக்ஸாஸ்ட் பக்கம்தான் சூடு அதிகம். வயதால் தேய்ந்தால் அந்தப் பக்கமும் சேர்ந்து மாறியிருக்கும். உங்களுக்கு இன்லெட் மட்டும் இறுகியிருக்கிறது. வால்வு முகமும் சீட்டும் அரைபட்டு, வால்வு மேலே ஏறி, இடைவெளியைத் தின்றிருக்கிறது. இன்லெட் வால்வை மட்டும் அரைக்கக்கூடியது உள்ளே போகும் காற்றோடு வரும் தூசு. அதே தூசு சிலிண்டர் சுவரில் எண்ணெயோடு குழைந்து அரைப்புப் பசையாகி ரிங்கைத் தின்கிறது. மண் தூசில் இருக்கும் குவார்ட்ஸ் இரும்பைவிடக் கடினமானது. இரண்டும் ஒரே நோய்.

ஆகவே தூசு எந்த வழியாக உள்ளே போகிறது என்று கண்டுபிடிக்கும் வரை பிளாக்கைக் கழற்றவே கழற்றாதீர்கள். வழியை அடைக்காமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் இதே கதிக்குத்தான் போகும்.

ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள சுத்தமான பக்கத்தை வெள்ளைத் துணி சுற்றிய விரலால் துடையுங்கள். துணியில் செம்மண் நிறம் பட்டால் உறுதி. பிறகு தேட வேண்டிய இடங்கள்:

ஃபில்டர் உட்காரும் விளிம்பு. ஏர் ஃபில்டர் பாக்ஸின் பிளாஸ்டிக் வளைந்திருந்தால் ரப்பர் ஓரம் ஒரு பக்கம் அழுந்தாது. ஓரத்தில் மெல்லிதாக கிரீஸ் தடவி மாட்டிக் கழற்றுங்கள். கிரீஸ் தடம் முழு வட்டமாகப் பதிய வேண்டும்.

பாக்ஸிலிருந்து த்ராட்டில் பாடிக்குப் போகும் ரப்பர் குழாய், அதன் கிளாம்ப். குழாயை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும்.

கிராங்க்கேஸ் பிரீதர் ஹோஸ் (எஞ்சின் அடிப்பகுதியின் காற்றுப்போக்கிக் குழாய்) பாக்ஸில் சேரும் இடம்.

கடைசியாக, பாக்ஸின் அடியில் தொங்கும் வடிகால் குழாய். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. சுத்தமான பக்கத்தில் சேரும் எண்ணெயையும் நீரையும் பிடித்துவைக்கிற குழாய் அது. நுனியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். ஆற்றைக் கடந்தபின் வடித்துவிட்டு மூடியை மறந்தால், ஃபில்டரைத் தொடாமலே காற்று உள்ளே போகும். அதுவும் பின்சக்கரம் மண் வாரி அடிக்கிற இடத்திலிருந்து.

செம்மண்தடம்:

துணியில் செம்மண் நிறம் நன்றாகவே ஒட்டியது. விளிம்பு, ரப்பர் குழாய், பிரீதர் மூன்றும் சரி. வடிகால் குழாயின் மூடி இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் நீளவாக்கில் பிளந்திருக்கிறது. பிதுக்கினால் வாய் திறக்கிறது.

புது மூடி போட்டு, சுத்தமான பக்கத்தைத் துடைத்து, வெள்ளை கிரீஸ் மெல்லிதாகப் பூசி 150 கி.மீ. தூசுப் பாதையில் ஓட்டினேன். கிரீஸ் வெள்ளையாகவே இருக்கிறது. இனி பிளாக்கை இறக்கலாமா? கிராங்க்?

போர்கேஜ்:

இறக்கலாம். கிராங்கைப் பற்றி பிளாக் கழன்றபின் முடிவு செய்யலாம். ஊகித்துச் செய்கிற வேலை அல்ல. கனெக்டிங் ராடை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். மேல்கீழ் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சற்று நகரும், அது இயல்பு. அந்த அளவு மேனுவலில் இருக்கும். எண்ணெய் ஸ்ட்ரெய்னரில் (எண்ணெயை வடிகட்டும் சல்லடை) உலோகச் சில்லு இல்லை, ராடிலும் மேல்கீழ் ஆட்டம் இல்லை என்றால் கிராங்கைத் தொட வேண்டாம்.

பிளாக் கையில் வந்ததும் போரில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு லைனர். ஓவர்சைஸ் போர் அடிக்கலாம், அதாவது துளையைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து பெரிய பிஸ்டன் போடலாம். ஒட்டாவிட்டால் அலுமினியத்தில் பூச்சுப் போட்ட சிலிண்டர். அதை போர் அடிக்கக் கூடாது, பிளாக்கையே மாற்ற வேண்டும் அல்லது பூச்சு புதுப்பிக்க வேண்டும்.

போரை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் முன்பின், இடவலம் என இரண்டு திசையில் அளந்து எழுதுங்கள்.

செம்மண்தடம்:

காந்தம் ஒட்டுகிறது. ராடில் மேல்கீழ் ஆட்டம் இல்லை, ஸ்ட்ரெய்னர் சுத்தம். போர் மேலே 67.09, நடுவே 67.05, கீழே 67.01 மிமீ. பிஸ்டன் 66.93. மேல் ரிங்கின் வாய் இடைவெளி 0.70. வெறும் ரிங் மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்கிறார் ஒரு நண்பர்.

போர்கேஜ்:

ரிங் மட்டும் வேண்டவே வேண்டாம். மேலுக்கும் கீழுக்கும் 0.08 வித்தியாசம், சிலிண்டர் புனல் மாதிரி ஆகிவிட்டது. ரிங் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் விரிந்து சுருங்கும், சீக்கிரமே புகை திரும்பும். மேலே பிஸ்டனுக்கும் போருக்கும் 0.16 இடைவெளி, 0.10 தாண்டினாலே பெரும்பாலான மேனுவல்கள் மாற்றச் சொல்லும்.

0.25 ஓவர்சைஸ் பிஸ்டன் போதும். பிஸ்டனை முதலில் வாங்கி அதையும் பிளாக்கோடு லேத்தில் கொடுங்கள். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பி போர் அடிக்கக் கூடாது. அந்தப் பிஸ்டனை அளந்து, மேனுவலில் உள்ள இடைவெளிக்கு, அநேகமாக 0.03 பக்கத்தில், அடிக்க வேண்டும். முடிவில் குறுக்குக் கோடு விழும்படி ஹோனிங் (சுவரை நுண்ணியதாக உரசும் வேலை). பிறகு பிளாக்கை வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, உடனே எண்ணெய் பூசுங்கள். வெறும் பெட்ரோலில் கழுவினால் ஹோனிங் தூள் கோடுகளுக்குள்ளேயே தங்கும். வெள்ளைத் துணியால் துடைத்துக் கறை வராத வரை கழுவ வேண்டும்.

ஹெட் கழன்றிருக்கும்போதே இன்லெட் வால்வைப் பாருங்கள். முகத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புது வால்வு. இல்லையென்றால் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போதும். மாட்டியபின் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். சேம்பர் பக்கம் ஈரம் கசியக் கூடாது. ஸ்டெம் சீல் இரண்டையும் கேட்காமலே மாற்றிவிடுங்கள்.

கோர்க்கும்போது: கேம் செயினைக் கம்பியால் கட்டி வையுங்கள். சர்க்ளிப் (பிஸ்டன் பின்னை நகராமல் பிடிக்கும் கம்பி வளையம்) மாட்டும் முன் கிராங்க்கேஸ் வாயைத் துணியால் அடையுங்கள்; உள்ளே விழுந்தால் அப்புறம் ஃபுல் எஞ்சின்தான். சர்க்ளிப்பின் வாய் பிஸ்டனில் உள்ள வெட்டுக்கு நேராக வரக் கூடாது. ரிங் வாய்களை 120 டிகிரி தள்ளித் தள்ளி வையுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக மூன்று கட்டமாக டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். கேஸ்கெட் எல்லாம் புதிது.

முதல் 500 கி.மீ. ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், குறைந்த ஆர்பிஎம்மில் முக்கவிடாதீர்கள். 100 கி.மீ.யில் ஒரு எண்ணெய் மாற்றம், 500-ல் இன்னொன்று.

ஒத்தையடிப்பாதை:

பேப்பரை விட்டுட்டு கழுவுற ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மாறலாமா? ஒவ்வொரு தூசுப் பயணத்துக்கும் புது பேப்பர் கட்டுப்படியாகாதே.

டேப்பெட்சத்தம்:

மாறலாம், எண்ணெய் போடுகிற பொறுமை இருந்தால். ஸ்பாஞ்சில் தூசைப் பிடிப்பதே அந்தப் பிசுபிசுப்பான ஃபில்டர் எண்ணெய்தான். உலர்ந்த ஸ்பாஞ்ச் சல்லடை. மண்ணெண்ணெயில் கழுவி, சோப்பு நீரில் அலசி, நிழலில் முழுதாக உலர்த்தி, எண்ணெய் விட்டுப் பிசையுங்கள். முறுக்கிப் பிழிந்தால் ஒட்டுவாய் பிரியும். பெட்ரோலில் கழுவினாலும் பசை விடும். மாட்டும்போது விளிம்பில் கிரீஸ்.

பேப்பரோடு இருப்பவர்கள் கம்ப்ரசர் காற்றை அருகில் பிடித்து அடிக்காதீர்கள், நார் கிழியும். தட்டி உதறுவதோடு நிறுத்துங்கள். பாக்ஸையே எடுத்துவிட்டுத் திறந்த கோன் ஃபில்டர் வைப்பது மண்ணில் ஓடும் வண்டிக்கு ஆகவே ஆகாது.

செம்மண்தடம்:

வேலை முடிந்து 1,600 கி.மீ. ஓடியாயிற்று. 0.25 பிஸ்டன், இன்லெட் வால்வு ஒன்று புதிது, ஸ்டெம் சீல் இரண்டு. கிராங்கைத் தொடவில்லை. கம்ப்ரஷன் 165 பிஎஸ்ஐ. கடைசி 1,000 கி.மீ.யில் எண்ணெய் டிப்ஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையவில்லை, புகை இல்லை, காலையில் முதல் தொடலிலேயே பிடிக்கிறது. அந்த மேடு மூன்றாவது கியரில் ஏறுகிறது. எல்லோருக்கும் நன்றி.

டேப்பெட்சத்தம்:

மகிழ்ச்சி. டேப்பெட்டை இப்போது ஒருமுறை ஆறிய எஞ்சினில் பாருங்கள். புது வால்வும் கேஸ்கெட்டும் படிந்தபின் இடைவெளி கொஞ்சம் நகர்ந்திருக்கும். இன்லெட் 0.10-லேயே நின்றால் தூசு வழி முழுதாக அடைபட்டது என்று அர்த்தம். அடுத்த 3,000 கி.மீ.யில் மறுபடி இறுகினால் பாக்ஸை இன்னொருமுறை தேடுங்கள். வடிகால் மூடி இரண்டு வாங்கி, ஒன்றை டூல் பையில் போட்டு வையுங்கள்.