கீற்று வீட்டில் எரிவாயு அடுப்பு: அச்சத்தை எப்படிப் போக்குவது?

கேள்வி (திருத்துறைப்பூண்டி): எங்கள் ஊரில் கூலி வேலைக்குச் செல்லும் பல குடும்பங்கள், 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் வைப்புத்தொகை இல்லாமல் இணைப்புப் பெற்றும், சிலிண்டர் வெடித்துவிடும் என்று அஞ்சிக் கருவேல விறகிலேயே சமைக்கின்றன. மகளிர் குழுக் கூட்டத்தில் என்ன விளக்கம் சொல்லலாம்?

பதில் (மன்னார்குடி): ஐயா, வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும் என்பதை முதலில் புரியவையுங்கள். ஆகவே சிலிண்டரைப் பள்ளத்தில் வைக்காமல், சமதரையில் நிமிர்த்தி வைத்து, அடுப்பை அதைவிட உயரமான மேடையில் வைக்க வேண்டும். கசிவு தெரிவதற்காகவே அந்தக் கெட்ட வாடை சேர்க்கப்படுகிறது. வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு, மின்விசையைத் தொடாமல் வெளியேறி, 1906 என்ற எண்ணை அழைக்கலாம். ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பேச்சாக மட்டும் சொல்லாமல், ஒவ்வொருவரையும் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். கை பழகினால்தான் அச்சம் விலகும்.

பதில் (நீடாமங்கலம்): அச்சத்தைவிடப் பணமே பெரிய தடை என்பது என் கருத்து. நடவுக்கும் அறுவடைக்கும் இடையில் கூலி இல்லாத வாரங்களில் 14.2 கிலோ சிலிண்டருக்கு மொத்தமாகப் பணம் புரட்ட முடியாது. 5 கிலோ சிலிண்டரும் உண்டு என்பதை அவசியம் தெரிவியுங்கள். ஐப்பசி மழையில் ஈர விறகை ஊதி ஊதி என் தாயார் இருமியதை நான் மறக்கவில்லை.

கேள்வி கேட்டவர்: நன்றி அம்மா. கூரை தாழ்ந்திருக்கும் பக்கத்தில் அடுப்பை வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.