விண்வெளி நிலையத்தின் நிழல் தரையில் தெரியுமா?

வானோக்கி: பன்னாட்டு விண்வெளி நிலையம் பகலில் தலைக்கு மேல் போகும்போது அதன் நிழல் தரையில் ஓடுவதைப் பார்க்கலாம் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. படித்ததும் எரிச்சல்தான் வந்தது. சூரிய வெளிச்சத்தில் ஒரு பொருளின் கருநிழல், அதாவது சூரியன் முழுதும் மறையும் நிழல், அதன் அகலத்தைப் போல் ஏறத்தாழ 108 மடங்கு தூரம்தான் நீளும். நிலையத்தின் அகலம் 109 மீட்டர். ஆக, 12 கி.மீ. நிலையம் இருப்பதோ 400 கி.மீ. உயரத்தில். 12 எங்கே, 400 எங்கே?

செங்கதிர்: எழுதியவன் நான்தான். நிலையம் சூரியனைக் கடப்பதைத் தொலைநோக்கியில் வடிகட்டி பொருத்திப் படமெடுக்கிறார்களே, அவர்கள் நிற்கும் இடத்தில் வெளிச்சம் குறையத்தானே செய்கிறது?

வானோக்கி: ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. அதுவும் அரை நொடி. ஏறத்தாழ 4 கி.மீ. அகலத்துக்குப் பரவிப்போன அந்தப் புறநிழலை, சூரியன் ஓரளவே மறையும் அந்த மங்கல் நிழலை, எந்தக் கண் பார்க்கும்? பருந்து உயர எழ எழ அதன் நிழல் ஓரம் கலைந்து, மங்கி, ஒரு கட்டத்தில் காணாமலே போவதைப் பார்த்ததில்லையா? 12 கி.மீ.க்குப் பதில் சொல்லுங்கள்.

மாலைவெள்ளி: செவ்வாயின் துணைக்கோளான போபோஸின் கருநிழலும் அந்தக் கோளின் தரையைத் தொடுவதில்லை. ஆனாலும் மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் 1999இல் அந்த நிழலைப் படமெடுத்தது. 12, 12 என்று ஓதுவதால் என்ன பயன்?

வானோக்கி: போபோஸ் 20 கி.மீ.க்கு மேல் அகலமுள்ள பாறை. செவ்வாயின் தரையிலிருந்து பார்த்தால் சூரிய வட்டின் கணிசமான பகுதியை மறைத்துவிடும். 109 மீட்டரை அதோடு சேர்த்துப் பேசாதீர்கள்.

செங்கதிர்: 2005இல் ஹயபுசா விண்கலத்தின் நிழல் இட்டோகாவா சிறுகோளில் விழுந்ததே! படமே இருக்கிறது.

வானோக்கி: அந்தக் கலம் சிறுகோளின் தரையை நெருங்கி இறங்கியபோது விழுந்த நிழல் அது. இடைவெளி 12 கி.மீ.கூட இல்லை!

செங்கதிர்: பிடித்த முயலுக்கு மூன்றே கால். சென்ற முறை நகரும் ஒளிப்புள்ளி விமானமா செயற்கைக்கோளா என்ற பேச்சிலும் நீங்கள் இப்படித்தான் ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்கினீர்கள்.

வானோக்கி: அது விமானம்தான். சிவப்பு விளக்கு மின்னியது.

மாலைவெள்ளி: மின்னவில்லை ஐயா. நானும் பார்த்தேன்.

வானோக்கி: மின்னியது. அதை இங்கே இழுக்காதீர்கள். 12 கி.மீ. என்பது தவறென்றால் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

செங்கதிர்: கணக்கு சரியாகவே இருக்கட்டும். என் பதிவை நீக்க மாட்டேன்.