கறுப்பு-வெள்ளைக் குற்றப் படங்களில் இனவெறி

கேள்வி: 1940, 50களின் அமெரிக்க நுவார் படங்களில் (இருண்ட மனநிலை கொண்ட குற்றப் படங்கள்) கறுப்பினத்தவர் பெரும்பாலும் சுமைதூக்குபவராகவோ விடுதி இசைக்கலைஞராகவோ ஓரமாக வந்து போகிறார்கள். இனப்பகையையே கதையின் மையமாகக் கொண்ட படங்கள் உண்டா?

மறுமொழி 1: 1950இல் ஜோசப் மான்கிவிச் இயக்கிய ‘நோ வே அவுட்’ படத்தைப் பாருங்கள். சிட்னி பாய்ட்டியே கறுப்பின இளம் மருத்துவராகவும், தம்பியின் சாவுக்கு அவர்மீது பழிசுமத்தும் இனவெறி பிடித்த குற்றவாளியாக ரிச்சர்ட் விட்மார்க்கும் நடித்தார்கள்.

மறுமொழி 2: என் தேர்வு, ராபர்ட் வைஸ் 1959இல் இயக்கிய ‘ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ’. கறுப்பினப் பாடகரும் நடிகருமான ஹாரி பெலஃபான்டேயின் சொந்த நிறுவனம் தயாரித்த இப்படத்தில், அவரும் இனவெறியராக நடிக்கும் ராபர்ட் ரயனும் ஒரு முன்னாள் காவலரோடு சேர்ந்து வங்கியைக் கொள்ளையடிக்கத் திட்டமிடுகிறார்கள். வழக்கமாகக் காபி கொண்டுவரும் கறுப்பினப் பணியாளரைப் போல பெலஃபான்டே கதவைத் தட்ட வேண்டும். அதாவது, உள்ளிருப்பவர்கள் முகத்தைப் பார்க்காமல் நிறத்தை மட்டுமே பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையின் மீதே அந்தத் திட்டம் நிற்கிறது. காரின் சாவியைக் கறுப்பரிடம் ஒப்படைக்க ரயன் மறுப்பதே தப்பும் வழியை அடைத்துவிடுகிறது. இறுதியில் இருவரும் எரிபொருள் தொட்டிகளின்மேல் ஒருவரையொருவர் சுட, வெடிப்பில் கருகிய உடல்களில் எது யாருடையது என்று அடையாளம் காண முடிவதில்லை. அந்தக் காட்சி இன்றும் என்னை உலுக்குகிறது.

மறுமொழி 3: ‘ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ’வின் திரைக்கதையை எழுதிய ஏப்ரகாம் பொலான்ஸ்கி, அமெரிக்காவில் நடந்த கம்யூனிஸ்ட் வேட்டையில் ஹாலிவுட்டில் வேலை செய்யத் தடைசெய்யப்பட்டவர் என்பதால், கறுப்பின நாவலாசிரியர் ஜான் கில்லன்ஸின் பெயரே திரையில் வந்தது. பொலான்ஸ்கியின் பெயர் 1996இல்தான் மீட்கப்பட்டது.