அன்னம்மாள் திருவிழா பஸ்ஸும் ஒரு துண்டுக் காகிதமும்

செம்பனைக்காட்டான்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டம். ஜூலை 26, புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவில் திருவிழாவுக்குப் போகும் பஸ். பெயர் எழுதிப் பணம் வாங்கியவன் நான்தான், கணக்கில் ஒரு ஆள் கூடிவிட்டது. விடிகாலை 4 மணிக்கு வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. பாடகர் குழு அக்கா பேத்தியைக் கைப்பிடித்து ஓடி வருகிறார். என் கண் நேரே கடைசி இருக்கையில் இருந்த ஃபுளோரஸ்காரரிடம் போனது. இந்தோனேசியத் தீவுக்காரர், தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். "அபாங் (அண்ணே), அடுத்த வருடம் போகலாம்" என்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது செய்தித்தாளில் சுற்றிய மெழுகுவர்த்தியையும் மடித்த காகிதம் ஒன்றையும் என் கையில் வைத்து, "உந்தோக் இபு" என்றார். அம்மாவுக்காம்.

மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டேன். காகிதம் மறுநாள் துவைத்த சட்டைப்பையில் கூழாகக் கிடந்தது. இன்னும் விரல் நுனியில் இருக்கிறது அந்தக் கூழ்.

கோவில்பிள்ளை மகன்:
அவரை நானும் பார்த்திருக்கிறேன் என்றே நினைக்கிறேன். தமிழ்ப் பூசையில் கடைசி பெஞ்சு. நாம் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்கும்போது அவர் உதட்டுக்குள் தம் மொழியில் "பாப்பா காமி" (எங்கள் தந்தையே) என்பார். நாம் முடிப்பதற்குள் முடித்துவிட்டுக் காத்திருப்பார். ஒருநாள் சமாதானம் சொல்ல நான் கை கூப்பினேன், அவர் கை நீட்டினார். அவர் கூப்புவதற்குள் நான் முன்பக்கம் திரும்பிவிட்டேன். அவ்வளவுதான், ஆனால் போகமாட்டேன் என்கிறது.

தைப்பிங் அக்கா:
தம்பி, திருவிழா நாளன்றே போவதுதான் முதல் தவறு. முன்னால் ஒன்பது நாள் நவநாள் இருக்கிறது, அதில் ஒரு வேலைநாளாகப் பார்த்துப் போங்கள். தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என்று தனித்தனியாகப் பூசை உண்டு. அந்த ஃபுளோரஸ் பிள்ளையை மலாய்ப் பூசைக்கு அழைத்துப் போயிருக்கலாம். பஸ் எதற்கு? ரயில் புக்கிட் மெர்தாஜாமிலேயே நிற்கிறது. குடை கட்டாயம், வெயில் மண்டையைப் பிளக்கும். தண்ணீர் பிடிக்க மூடி இறுகிய போத்தல் கொண்டுபோங்கள். 2019இல் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி கிடைத்ததிலிருந்து கூட்டம் வேறு மாதிரி. 1888இல் கட்டிய பழைய கோவிலில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள், எல்லோரும் அதைத் தாண்டி ஓடுகிறார்கள். முக்கியமாக, பஸ்ஸில் டுரியான் ஏற்ற விடாதீர்கள். எங்கள் பஸ்ஸில் ஒருவர் மூன்று பழம் ஒளித்து வைத்து, நாற்றம் தாங்காமல் செபமாலை இரண்டாம் காரணிக்கத்திலேயே நின்றுபோனது.

பால்மரம்:
அக்கா, அவர் வழி கேட்கவில்லை.
செம்பனைக்காட்டான், நான் உங்கள் பக்கம். சாலைத் தடுப்பில் போலீஸ் ஏறி, அவர் பாஸ்போர்ட் தோட்ட அலுவலகத்தில் இருந்திருந்தால்? இறக்கியதே நல்லது.

கோவில்பிள்ளை மகன்:
அதை நினைத்தா இறக்கினார்? அக்காவுக்கும் பேத்திக்கும் இடம் வேண்டும் என்று இறக்கினார். பேத்தியை மடியில் வைத்திருக்கலாம். பணத்தையாவது திருப்பிக் கொடுத்தீர்களா?

செம்பனைக்காட்டான்:
கொடுத்தேன். 10 வெள்ளியை என் கையிலேயே விட்டுவிட்டார், மெழுகுவர்த்தி ஏற்றிய கூலியாம். காகிதத்தைப் பற்றிக் கேட்டார். பீடத்தில் வைத்துவிட்டேன் என்றேன்.

போன மாதம் வேலை பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்.