மறுமொழி: பவர் ரேக் – ‘தாங்குகூடு’ எனலாமா?

வணக்கம் நண்பர்களே.

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். கேள்வி கேட்ட நண்பருக்கு இரண்டு வேலை இருக்கிறது. வீட்டில் வைக்கக் குறைந்த செலவில் ஒரு பவர் ரேக் வாங்க வேண்டும்; பார்பெல்லை, அதாவது இரு முனையிலும் எடைத் தட்டு மாட்டும் நீளத் தண்டை, ஏந்தி நிற்கும் இரும்புச் சட்டகம் அது. தன்னைப் போல வீட்டிலேயே பளு தூக்குகிறவர்களுக்காக அதைப் பற்றித் தமிழில் ஒரு குறிப்பும் எழுத வேண்டும். நாம் அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று பிடித்துவிட்டால் பெயர் கிடைத்துவிடும். வாங்கும்போது எதைப் பார்ப்பது என்பதும் அதிலேயே இருக்கிறது.

> ‘பவர்’ ஆற்றல், ‘ரேக்’ சட்டகம். ‘ஆற்றல் சட்டகம்’ என்று வைத்துக்கொண்டால் என்ன?

சொல்லுக்குச் சொல் வைத்தால் வரும் சிக்கல் இதுதான். ‘ஆற்றல் சட்டகம்’ என்று கேட்கிறவர் பேட்டரி அடுக்கும் ஸ்டாண்டு என்று நினைத்தால் அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. இந்தப் பொருளுக்கு ஆற்றல் என்று எதுவும் இல்லை. நான்கு இரும்புக் கால்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், கால் நெடுக வரிசையாகத் துளைகள். முன்பக்கத் துளைகளில் மாட்டிய இரண்டு கொக்கிகள் பார்பெல்லை ஏந்திக்கொள்ளும். உள்ளே முன்னும் பின்னுமாக ஓடும் இரண்டு கம்பிகள், நம் கை தவறினால் அதைப் பிடித்துக்கொள்ளும். வேறு எதுவும் இல்லை. ஆற்றல் முழுக்க உள்ளே நிற்கிற ஆளுடையது.

> செய்திகளில் பவர்லிஃப்டிங்கை ‘வலுதூக்குதல்’ என்கிறார்கள். அதையொட்டி ‘வலுச்சட்டகம்’?

இது யோசித்துச் சொன்ன சொல். ‘வலுதூக்குதல்’ ஓரளவு ஊன்றிவிட்டது, அதை யாரும் கலைக்க வேண்டாம். ஆனால் வலுதூக்குதலில் ஸ்குவாட் (எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்குவது) என்று மூன்று இருக்கின்றன. டெட்லிஃப்டில் எடை தரையிலிருந்துதான் கிளம்புகிறது, அதற்கு ரேக்கே தேவையில்லை. மறுபக்கம், போட்டி பக்கமே போகாத ஒருவர், முதுகு வலுவாக இருக்கட்டும் என்று 40 கிலோவில் ஸ்குவாட் செய்கிறவர், அவருக்கும் இது வேண்டும். ஒரு விளையாட்டின் பெயரை இதன் தலையில் கட்டினால் ‘இது நமக்கில்லை’ என்று அவர் விலகிப்போவார். உண்மையில் அவருக்குத்தான் இது அதிகம் தேவை.

> எல்லாருக்கும் பவர் ரேக் என்றால் புரிகிறது. எதற்கு வீண் வேலை?

பேச்சில் பவர் ரேக் என்றே சொல்லிக்கொள்ளலாம், நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் ‘எல்லாருக்கும் புரிகிறது’ என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். என் உறவுக்காரத் தம்பி ஒருவன் ‘ரேக்’ என்று போட்டிருந்ததைப் பார்த்து ஒன்று வாங்கினான். வந்தது இரண்டு தனித்தனிக் கால்கள். மேலே கொக்கி மட்டும். பார்பெல்லை வைக்கலாம், எடுக்கலாம். நடுவில் தவறினால் பிடிக்க ஒன்றுமில்லை. விற்றவர் பொய் சொல்லவில்லை. அதுவும் ரேக்தான். பவர் ரேக், முன்பக்கம் திறந்த ஹாஃப் ரேக், தம்பி வாங்கியது போன்ற ஸ்குவாட் ஸ்டாண்டு எல்லாம் ‘ரேக்’ என்ற ஒரே சொல்லுக்குள் கலந்து கிடக்கின்றன. எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அந்தச் சொல் காட்டிக்கொடுக்கவில்லை. தமிழில் புதிதாக வைக்கப்போகிற நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்?

நானும் சூடுபட்டவன்தான். என் முதல் ரேக்கில் நான்கு கால், உள்கம்பி எல்லாம் இருந்தன. துளைகளுக்கு இடையே 10 செ.மீ. தூரம். வாங்கும்போது அது ஒரு விஷயமாகவே படவில்லை. பெஞ்சைப் போட்டுப் படுத்துப் பார்த்தால், கம்பியை மேல் துளையில் செருகினால் பார்பெல் நெஞ்சைத் தொடும் முன்பே கம்பியில் இடிக்கிறது. கீழ்த் துளையில் செருகினால் நெஞ்சுக்கு நான்கு விரல் கீழே போய்விடுகிறது. இடிக்கக் கூடாது என்று கீழேயே விட்டேன். ஒருநாள் ஐந்தாவது முறை தள்ளும்போது பாதியில் நின்று, மெதுவாக இறங்கி, நெஞ்சின்மேல் உட்கார்ந்துவிட்டது. கம்பி இருக்கிறது, ஆனால் எட்டவில்லை. பார்பெல்லை வயிற்றின்மேல் உருட்டி இடுப்புவரை கொண்டுவந்து, எழுந்து உட்கார்ந்தேன். விலாவில் இரண்டு வாரம் வலி இருந்தது. கழுத்துப் பக்கம் உருண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

ஆக, இந்தப் பொருளின் உயிர் அந்த உள்கம்பிகளில்தான் இருக்கிறது. கொக்கி வெறும் வசதி. சொல்லும் அதைத்தான் காட்ட வேண்டும்.

நம் மொழியில் இதற்கு நெருங்கிய ஒரு சொல் ஏற்கெனவே உண்டு: சுமைதாங்கி. நிறுத்திய இரண்டு கல்லின்மேல் படுக்கையாக ஒரு கல். தலைச்சுமையோடு தனியாக நடந்து வருகிறவர் பக்கத்தில் ஆள் இல்லாமலே சுமையை இறக்கி வைக்கலாம். இளைப்பாறிவிட்டுக் குனியாமல், யாரும் தூக்கிவிடாமல், மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ளலாம். கல்லின் உயரம்தான் அதன் சூட்சுமம். பவர் ரேக்கும் தனியாளுக்காக அதே வேலையைத்தான் செய்கிறது: சரியான உயரத்தில் சுமையைக் கொடுக்கிறது, வாங்கிக்கொள்கிறது. இது மனதில் பட்ட அன்று எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. வெளியே தேடவே வேண்டாம், கருத்து நம்மிடமே இருக்கிறது.

சரி, ‘சுமைதாங்கி’ என்றே வைத்துவிடலாமா? வைக்க முடியாது என்று நினைக்கிறேன். குடும்பப் பாரத்தைச் சுமக்கிறவரைச் சொல்லவும் அந்தச் சொல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு, சுமைதாங்கிக்கு இரண்டு கால். நாம் உள்ளே போய் நிற்பதில்லை. அது ஸ்குவாட் ஸ்டாண்டுக்குத்தான் இன்னும் பொருந்தும். ‘தாங்கு’ என்ற வினையை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

> ஆங்கிலத்தில் ‘பவர் கேஜ்’ (cage, கூண்டு) என்றும் சொல்கிறார்கள். ‘பளுக்கூண்டு’ என்றால் சுருக்கமாக இருக்கும்.

வடிவத்தை இது நன்றாகப் பிடிக்கிறது. எனக்கு உறுத்துவது ‘கூண்டு’ மட்டும்தான். கிளிக்கூண்டு, சாட்சிக் கூண்டு – உள்ளே இருப்பவரை அடைத்து வைப்பது கூண்டு. கூடு அப்படியில்லை. பறவையின் கூடு பாதுகாப்பது, எலும்புக்கூடு உடலைத் தாங்குவது. திறந்த சட்டங்களால் ஆன உருவத்துக்கும், உள்ளே இருப்பவரைக் காக்கிற குணத்துக்கும் ‘கூடு’ ஒருசேரப் பொருந்துகிறது.

அதனால் என் பரிந்துரை: தாங்குகூடு. தாங்கிய கூடு, தாங்குகிற கூடு, தாங்கும் கூடு என்று விரிகிற வினைத்தொகை. ஊறுகாய், தொங்குபாலம் போல நடுவில் ஒற்று மிகாது. ‘தாங்குக்கூடு’ என்று எழுதிவிடாமல் இருந்தால் போதும். ‘கு’வும் ‘கூ’வும் அடுத்தடுத்து வருவது முதலில் நாக்கில் தட்டும். நான் வீட்டில் ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன், பழகிவிடுகிறது.

ஒரு சொல் நன்றாக விழுந்தால் அதைச் சுற்றிக் குடும்பமும் அமையும் என்பார்கள். ஹாஃப் ரேக்கை அரைக்கூடு எனலாம். தனித்தனிக் கால்களாக வரும் ஸ்குவாட் ஸ்டாண்டு தாங்குகால். இதில் ‘கூடு’ இல்லாததே ‘உள்ளே பாதுகாப்பு இல்லை’ என்று சொல்லிவிடும். தம்பிக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது. உள்கம்பி காப்புக்கம்பி. அதற்குப் பதிலாகச் சிலவற்றில் தடித்த நாடா கட்டியிருப்பார்கள், அது காப்புவார். ‘காப்புத்தண்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பார்பெல்லைப் பளுத்தண்டு என்று வைத்துக்கொண்டால் இரண்டும் முட்டும். கம்பியே இருக்கட்டும்.

இனி வாங்குகிற நண்பருக்கு. காப்புக்கம்பிக்காகத்தான் இதை வாங்குகிறோம் என்று வைத்துக்கொண்டால், எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்பது தானாகப் பிரிந்துவிடும்.

முதலில் துளை இடைவெளியைக் கேளுங்கள். 5 செ.மீ. இருந்தால் ஒப்பேற்றலாம். பெஞ்ச் உயரத்தில் மட்டும் 2.5 செ.மீ. இடைவெளியில் துளையிட்ட கூடுகளும் உண்டு, அதுதான் நல்லது. காரணம் இது: பெஞ்சில் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை நிரப்பும்போது பளுத்தண்டு கம்பியில் படாமல் நெஞ்சைத் தொட வேண்டும். மூச்சை விட்டு முதுகைத் தட்டையாக்கியதும் தண்டு கம்பியில் உட்கார்ந்துவிட வேண்டும், கழுத்தை நெருங்கவே கூடாது. இந்த இரண்டு நிலைக்கும் இடையே சில செ.மீ. வித்தியாசம்தான். 10 செ.மீ. இடைவெளி இந்த இடத்தில் தவறிப்போகும். ஏற்கெனவே அப்படி ஒன்றை வாங்கிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். பெஞ்சின் கால்களுக்கு அடியில் அசையாத தடித்த பலகையைப் போட்டு, கம்பியை ஏற்ற முடியாத குறையை ஆளை ஏற்றிச் சரிசெய்யலாம். நான் 4 செ.மீ. பலகையைப் போட்டுத்தான் அந்தப் பழைய கூட்டில் இன்னும் மூன்று ஆண்டு ஓட்டினேன். வெறும் தண்டோடு படுத்துச் சோதித்த பிறகே தட்டு மாட்ட வேண்டும்.

அடுத்து, ‘இத்தனை கிலோ தாங்கும்’ என்ற எண். அது பெரும்பாலும் அசையாமல் வைத்த எடைக்கானது. விழுகிற எடையின் கணக்கே வேறு. 100 கிலோ 30 செ.மீ. விழுந்து, இரும்பில் மோதி 1 செ.மீ.க்குள் நின்றால், நிற்கிற அந்த நொடியில் சராசரி விசை அதன் எடையைப்போல் 31 மடங்கு. அதே எடையைக் காப்புவார் 5 செ.மீ. தொய்ந்து நிறுத்தினால் 7 மடங்குதான். உண்மையில் தண்டும் கூடும் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் இரும்பிலும் இவ்வளவு வராது, ஆனால் வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பது தெரிகிறதல்லவா? அதனால்தான் காப்புக்கம்பியைத் தாழ வைக்காமல், தண்டு இறங்கும் கடைசிப் புள்ளிக்கு ஓரிரு விரல் கீழே வைக்கச் சொல்வது. விழுகிற தூரமே இல்லை என்றால் மலிவான கூடும் தாங்கிவிடும்.

இரும்பின் தடிமனைக் கேஜ் (gauge) எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும்: 14 கேஜ் சுமார் 1.9 மி.மீ., 11 கேஜ் சுமார் 3 மி.மீ. வீட்டில் 100, 120 கிலோ தூக்குகிறவருக்கு 5 செ.மீ. சதுரக் குழாயில் 14 கேஜ் போதும் என்பது என் கருத்து. 7.5 செ.மீ. குழாய், 11 கேஜ் எல்லாம் அருமையானவை, ஆனால் செலவு அங்கேதான் ஏறுகிறது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி நல்ல பளுத்தண்டில் போடுங்கள். கப்பி, தட்டு மாட்டும் முளைகள், ஐந்து விதக் கைப்பிடி – இவை இல்லாமலே ஆரம்பிக்கலாம்.

அகலத்தைப் பளுத்தண்டை வைத்துக்கொண்டே பாருங்கள். ஒலிம்பிக் தண்டின் நீளம் 2.2 மீட்டர், பெண்களுக்கானது 2.01 மீட்டர். இரண்டிலும் தட்டு மாட்டும் பகுதிகளுக்கு நடுவே இருக்கிற தூரம் ஒன்றுதான், 1.31 மீட்டர். சுமார் 1.2 மீட்டர் அகலக் கூட்டில் இவை இரண்டும் உட்காரும், தட்டுகள் கூட்டுக்கு வெளியே நிற்கும். கையில் ஏற்கெனவே குட்டைத் தண்டு வைத்திருப்பவர்கள் அந்த நடுத் தூரத்தை அளந்து பார்க்காமல் கூடு வாங்கக் கூடாது.

உயரம் பற்றி ஒன்று. 213 செ.மீ. கூட்டுக்கு 230 செ.மீ. கூரை போதும் என்று கணக்குப் போடுவோம். ஆனால் 120 செ.மீ. ஆழமுள்ள கூட்டைத் தரையில் படுக்கவைத்துப் பூட்டி நிமிர்த்தினால், நிமிரும் வழியில் மூலைக்கு மூலை 244 செ.மீ. வேண்டும். கூரையில் முட்டி நின்றுவிடும். நிற்க வேண்டிய இடத்தில் கால்களை நிறுத்தியே பூட்டுங்கள். எல்லாப் போல்ட்டையும் முதலில் தளர்வாகப் போட்டு, மட்டம் பார்த்து, அப்புறம் இறுக்க வேண்டும். அடியில் துளை இருந்தால் தரையோடு முடுக்கிவிடுங்கள். வாடகை வீடாக இருந்தால் பின்காலுக்கிடையே எடைத் தட்டுகளையோ மணல் மூட்டையையோ ஏற்றி வையுங்கள். மேல் கம்பியில் தொங்கி ஆடுகிறவர்களுக்கு இது கட்டாயம்.

இன்னும் எனக்குப் பிடிபடாமல் இருப்பது அந்த முன்பக்கக் கொக்கியின் பெயர். வெறும் ‘கொக்கி’ என்றால் சட்டை மாட்டும் கொக்கிதான் நினைவுக்கு வருகிறது. ‘ஏந்தி’ அழகு, ஆனால் வாக்கியத்தில் வினையெச்சம் போல மயக்குகிறது: ‘தண்டை ஏந்தி மேலே வை’ என்று எழுதினால் எதைச் சொல்கிறோம்? இப்போதைக்கு ‘ஏந்துகொக்கி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். நண்பரின் குறிப்பு தயாரானதும் இங்கே அனுப்பட்டும், துளை இடைவெளி பற்றிய பத்தியை நான் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்