புதுத் தேள் இனம் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

மன்றம்_சிப்புட்:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி அறிவியல் மன்றத்துக்காகக் கேட்கிறேன். கலிபோர்னியாவின் வறண்ட உப்பு ஏரிகளில் இரண்டு பள்ளி மாணவர்கள் புதுத் தேள் கண்டுபிடித்த செய்தியைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். "எல்லாமே ஒரே வெளிர் மஞ்சளாத்தானே இருக்கு, எப்படி சார் வேறன்னு சொல்றாங்க?" என்று கேட்கிறார்கள். எந்த உறுப்பைப் பார்க்கிறார்கள்? செம்பனைக்காட்டு நட்டுவாக்காலியில் அதையே செய்து பார்க்கலாமா? போன், மேக்ரோ லென்ஸ், 395 நானோமீட்டர் யூவி டார்ச் இருக்கிறது.

எட்டுக்கால்:
நிறத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள் சார். மணலில் வாழ்பவை பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும். தோலுரித்த கையோடு பார்த்தால் கறுப்புத் தேள்கூட வெளிறித் தெரியும், யூவியில் ஒளிரவும் ஒளிராது.

முதலில் வயிற்றுப் பக்கத்துச் சீப்பு, அதாவது பெக்டின். பல்லை இடம், வலம் தனித்தனியாக எண்ணி எழுதுங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டியதில்லை. பிறக்கும்போது எத்தனை பல்லோ அதுதான் கடைசிவரை. அதனால் குட்டியையும் பெரியதையும் ஒப்பிட இந்த எண் நம்பகமானது. ஆணுக்குப் பல் நீளம், பெரும்பாலும் எண்ணிக்கையும் கூடுதல். இரண்டையும் கலந்து சராசரி போட்டால் இல்லாத இனமெல்லாம் முளைத்துவிடும்.

அடுத்து இடுக்கிக் கையில் இருக்கும் டிரைகோபோத்ரியா என்னும் உணர்மயிர்கள். 1974இல் தேள் ஆய்வாளர் வாஷோன் இவற்றின் அமைப்பை வகைப்படுத்தினார். ஒரு கைக்கு அடிப்படை எண்ணிக்கை ஏ வகையில் 39, பி 37, சி 48. நம்மூர் நட்டுவாக்காலியும், கலிபோர்னியாவின் அந்தப் புதுத் தேள்கள் சேர்ந்த பாரூரோக்டோனஸ் பேரினமும் சி வகை. வீட்டுக்குள் வரும் மெலிந்த ஐசோமெட்ரஸ் மேக்குலேட்டஸ் ஏ வகை. ஆக, எண்ணிக்கை மட்டும் குடும்ப அளவில்தான் பிரித்துக் காட்டும். இனத்துக்கு மயிர் உட்கார்ந்திருக்கும் இடம், வால் கண்டங்களின் நீள அகல விகிதம், முகட்டு வரிசைகளில் மணி போல இருக்கும் சின்னப் புடைப்புகள், இடுக்கி விரலின் பல் வரிசை எல்லாம் சேர வேண்டும்.

பிள்ளைகள் தடுமாறுவது சாதாரண மயிரையும் சேர்த்து எண்ணுவதில்தான். உணர்மயிர் ஒரு சின்னக் கிண்ணக் குழிக்குள்ளிருந்து எழும். மயிர் ஒடிந்து போனாலும் குழி இருக்கும். எனவே மயிரை விட்டுவிட்டுக் குழியை எண்ணச் சொல்லுங்கள். யூவியில் குழி நன்றாகவே தெரியும். உங்கள் 395 டார்ச் தேட போதும். படத்தில் அதன் ஊதா வெளிச்சமே பரவிவிடும். படத்துக்கு 365 வாங்குங்கள்.

சாராயக்குப்பி:
உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படம் போடுவதோடு நின்றால் இது போதும். ஆய்வுக்கு அனுப்ப மாதிரி எடுப்பதானால் வரிசை முக்கியம். பிரீசரில் வைத்துக் கொல்லுங்கள். ஒரு காலை மட்டும் வெட்டி 95 சதவீத எத்தனாலில் தனியாக வையுங்கள், டிஎன்ஏவுக்கு. எப்போதும் ஒரே பக்கத்துக் கால், மறுபக்கம் அளக்க இருக்கட்டும். பிறகு உடலை 75–80 சதவீதத்தில். நட்டுவாக்காலி மாதிரி பருத்த உடலை அப்படியே போட்டால் சாராயம் உள்ளே இறங்குவதற்குள் குடல் அழுகிவிடும். மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய தோலில் கீறல் போடுங்கள், அல்லது ஊசியால் சாராயத்தை உள்ளே ஏற்றுங்கள். மறுநாள் திரவத்தை மாற்றுங்கள்.

லேபிளைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்கு *உள்ளே* போடுங்கள். பால்பாயிண்ட் மை கரைந்து ஓடிவிடும். இடம், ஜிபிஎஸ், தேதி, எடுத்தவர், எங்கே இருந்தது (பொந்தா, பட்டையா, ஓலைக் குவியலா). "பேராக், தோட்டம்" என்று மட்டும் எழுதிய குப்பியை யாரும் சீண்ட மாட்டார்கள்.

இரவில் போவதென்றால் தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டு, பூட்ஸ் போட்டுப் போங்கள். ஓலைக் குவியலுக்குள் கைவிட வேண்டாம். எலிக்கு வரும் நாகம் தேளைவிடப் பெரிய தலைவலி. நீள இடுக்கி 25 செ.மீ.க்குக் குறையாமல், நுனியில் ஸ்பாஞ்சு சுற்றி.

ஓடும்தோலும்:
கலிபோர்னியா விஷயம். ஐநேச்சுரலிஸ்ட்டில் இனம் தெரியாமல் கிடந்த படங்களைப் பார்த்துத்தான் அந்த மாணவர்கள் பிரக்ரித் ஜெயினும் ஹார்ப்பர் ஃபோர்ப்ஸும் நேரில் தேடிப் போனார்கள். தேள் ஆய்வாளர் லாரன் எஸ்பொசிட்டோவோடு சேர்ந்து 2022இல் சூகீஸ் இதழில் விவரித்தார்கள். பாரூரோக்டோனஸ் சோடா கரிசோ சமவெளியின் சோடா ஏரியில்; பா. கன்க்ளூசஸ் மொஹாவி பாலைவனத்தின் கோன் ஏரியில். இரண்டும் வறண்ட உப்பு ஏரியைச் சுற்றி மட்டுமே வாழ்பவை. சுற்றிலும் ஒத்துவராத நிலம், ஏரிக்கு ஏரி போய்வர வழியில்லை, தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. ஆகவே பக்கத்து ஊர்களில் உள்ள உறவினங்களின் மாதிரிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடாமல் "புதுசு" என்று சொல்லவே முடியாது. அந்த ஒப்பீடுதான் பெரிய வேலை; பெயர் வைப்பது கடைசியில் வரும் சின்ன வேலை.

நம் கறுப்பு ஆளுக்கு, அதாவது நட்டுவாக்காலிக்கு வருவோம். 2020இல் பிரெண்டினி, லோரியா என்ற ஆய்வாளர்கள் அது சேர்ந்த ஹெட்டெரோமெட்ரஸ் பேரினத்தைப் பல பேரினங்களாக உடைத்தார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள பலவும் வேறு பெயருக்குப் போயின. மலேசியத் தீபகற்பத்தின் ஸ்பினிஃபரும் லாங்கிமானஸும் ஹெட்டெரோமெட்ரஸாகவே நிற்கின்றன. வளர்ந்த லாங்கிமானஸ் ஆணின் இடுக்கி நீண்டு ஒடுங்கியிருக்கும், ஸ்பினிஃபருக்கு அகலம். பெண்ணையும் குட்டியையும் படத்தில் பிரிப்பேன் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

மன்றம்_சிப்புட்:
மூவருக்கும் நன்றி. பட்டைக்கு அடியில் தட்டையான, பழுப்பு நிறக் குட்டித் தேள் நிறைய. எல்லாமே பெண்ணாகத் தெரிகிறது. எண்ணுவதில் தப்பா?

எட்டுக்கால்:
தப்பாக இருக்காது. தட்டை உடல், பட்டைக்கு அடி என்றால் லியோகிலிஸ் ஆஸ்ட்ரலேசியேவாக இருக்கலாம். ஆண் இல்லாமலே குட்டி போடும் இனம் அது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சீப்பு தெரிய அடிப்பக்கம் ஒன்று, அளவுகோலோடு படம் போடுங்கள்; பார்த்துச் சொல்கிறோம்.